முதிர்தலும் பழுத்தலும்: காய் கனியாதலில் தாவர ஊக்கிகள், நோயெதிர்ப்பு, தமிழ்ச் சொல்வழக்கு

ஆய்வுச் சுருக்கம்

காய் கனியாகும் நிகழ்வை எத்திலீன் முதலிய தாவர ஊக்கிகள் இயக்குகின்றன. காயைக் கனிவிக்கும் அதே சமிக்ஞை, காய்ப்பருவத்தில் அது பெற்றிருந்த நோயெதிர்ப்பையும் தளர்த்துகிறது. முதிர்தல், பழுத்தல், அளிதல், வெம்புதல், அழுகுதல் எனத் தமிழ் வழக்கு வேறுபடுத்தும் நிலைகளை இவ்வுடலியங்கியல் உண்மைகளோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும். சென்னை நகரின் பழ வணிகமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பயிர்நோய் ஆய்வு மரபும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அறிவியல் தமிழில் ‘முதிர்தல்’, ‘பழுத்தல்’ ஆகிய இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவது மொழிக்குறை மட்டுமன்று, நுகர்வோரின் நலனையும் தொடுவது என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச் சொற்கள்: எத்திலீன், தாவர ஊக்கி, பழுத்தல், முதிர்தல், வெம்பல், நோயெதிர்ப்பு, கலைச்சொல், சென்னைப் பழச்சந்தை

1. முன்னுரை

சித்திரை தொடங்கி ஆனி வரை சென்னையின் கடைத்தெருக்களில் மாம்பழமே முதன்மை பெறும். மயிலாப்பூர்த் தண்ணீர்த்துறைச் சந்தையிலும், தியாகராய நகர்க் கடைகளிலும், அடையாற்றுத் தள்ளுவண்டிகளிலும் பங்கனப்பள்ளி, செந்தூரம், ருமானி, நீலம் எனப் பல வகைகள் குவிந்திருக்கும். இவற்றுள் பெரும்பகுதி, கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வணிகம் பெயர்ந்த 1996ஆம் ஆண்டு முதல் செயற்பட்டுவரும் கோயம்பேடு வணிக வளாகத்தின் வழியே வருவதாகும். பழம் வாங்குவோர் கடைக்காரரிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: “கல்லு வெச்ச பழமா?” கால்சியம் கார்பைடைக் ‘கல்’ எனச் சுட்டும் இவ்வழக்கு, நகர மக்களின் அன்றாட அச்சத்தைச் சுருங்கச் சொல்கிறது.

அவ்வினாவுள் இரண்டு ஐயங்கள் அடங்கியுள்ளன. பழத்தைப் பழுக்கவைத்த பொருள் தீங்கானதா என்பது ஒன்று. பழுக்கவைக்கப்பட்ட காய் உரிய பருவத்தை எய்தியிருந்ததா என்பது மற்றொன்று. முதலாவது நஞ்சு பற்றியது, இரண்டாவது முதிர்வு பற்றியது. பொதுப்பேச்சிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் ‘செயற்கையாகப் பழுக்கவைத்தல்’ என்னும் ஒரே தொடர் இரண்டையும் மூடிவிடுகிறது. இவற்றைப் பிரித்தறிவதற்குத் தாவர ஊக்கிகள் பற்றிய அறிவும், தமிழ் தன்னகத்தே வைத்துள்ள சொற்களும் ஒருசேரத் துணைபுரிகின்றன.

2. காய்ப்பருவங்களும் தமிழ்ச் சொற்களும்

தாவர உறுப்புகளைப் பருவத்தாலும் இனத்தாலும் வேறுபடுத்திப் பெயரிடும் மரபு தமிழில் தொன்மையானது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், புறவயிர்ப்பு உடையவற்றைப் புல் என்றும் அகவயிர்ப்பு உடையவற்றை மரம் என்றும் பகுத்து, அவற்றின் உறுப்புப் பெயர்களையும் தொகுத்துரைக்கிறது. காயும் பழமும் அங்கு வெவ்வேறு பெயர்களாகவே இடம்பெறுகின்றன.

பிற்கால வழக்கில் இப்பகுப்பு மேலும் நுண்மையடைந்தது. மாவின் பிஞ்சு வடு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னை பனைகளின் பிஞ்சு குரும்பை. பழுக்கும் தறுவாயில் உள்ளது செங்காய். கெட்ட காய்கனிகளுக்கும் கெட்ட காரணத்திற்கேற்பப் பெயர்கள் உள்ளன. சுருங்கியது சூம்பல், பூச்சி அரித்தது சொத்தை, பருவத்திற்கு முன்னரே வெப்பத்தால் பழுத்தது வெம்பல், மிகக் கனிந்து குழைந்தது அளியல், சிதைந்து நாறுவது அழுகல். தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தை நிறுவும் பொருட்டு இத்தகைய பெயர்களைத் தொகுத்துக் காட்டியுள்ளமை ஆய்வாளர் அறிந்ததே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவ்வகைச் சொற்கள் பலவற்றைப் பதிவுசெய்துள்ளது.

இச்சொற்களுள் ‘பழுத்தல்’ தனித்து நோக்கத்தக்கது. காய் பழுக்கிறது, இலை பழுக்கிறது, புண் பழுக்கிறது. இனிமையை எய்தும் வளர்ச்சியையும், முதுமையில் மஞ்சளிக்கும் தளர்ச்சியையும், சீழ்கொள்ளும் நோயையும் ஒரே வினைச்சொல் தழுவிநிற்கிறது. ‘கனிதல்’ என்னும் சொல்லுக்கு இத்தகைய இருமுகம் இல்லை. மனம் கனிதல் போல அது நற்பொருளிலேயே விரிகிறது. புண்ணுக்கும் கனிக்கும் உடலியங்கியல் உறவு ஏதுமில்லை. எனினும் இலை பழுத்தலுக்கும் காய் பழுத்தலுக்கும், காய் பழுத்தலுக்கும் நோய்க்கு ஆட்படுதலுக்கும் உள்ள உறவு வேதியியல் அடிப்படை உடையது. அவ்வடிப்படையைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

3. எத்திலீன்: கண்டறியப்பட்ட வரலாறு

தெருவிளக்குகளுக்கு நிலக்கரி வாயு பயன்பட்ட காலத்தில், குழாய்களில் கசிவு ஏற்பட்ட இடங்களில் மரங்கள் பருவமின்றி இலையுதிர்த்தமை ஐரோப்பிய நகரங்களில் கவனிக்கப்பட்டது. உருசியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆய்வுசெய்த திமித்ரி நெல்யூபோவ், பட்டாணி நாற்றுகள் இயல்புக்கு மாறாக வளைந்து தடித்து வளர்வதற்கு அவ்வாயுவில் உள்ள எத்திலீனே காரணம் என 1901ஆம் ஆண்டில் காட்டினார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆர். கேன் வேதியியல் முறையில் நிறுவினார். இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே கொண்ட எளிய வாயு ஒன்று, தாவரத்தின் உள்ளேயே உருவாகும் ஊக்கியாகவும் செயற்படுகிறது என்ற முடிவு அதன்பின் வலுப்பெற்றது.

எத்திலீனுக்கு ஏற்பப் பழங்கள் இருவகைப்படும். மா, வாழை, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, பலா, தக்காளி ஆகியவை பழுக்கத் தொடங்கும்போது சுவாச வீதம் திடீரென உயரும், எத்திலீன் உற்பத்தியும் பெருகும். இவை பறித்தபின்னும் பழுக்கக்கூடியவை. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி ஆகியவற்றில் இவ்வெழுச்சி இல்லை. பறித்தபின் அவை இனிப்பேறுவதில்லை. வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என எண்ணி வாங்கப்படும் புளித்த திராட்சை புளிப்பாகவே இருப்பதன் காரணம் இதுவே.

எத்திலீன் உருவாகும் வழியைக் கலிபோர்னியாவில் பணியாற்றிய சாங் ஃபா யாங்கின் குழு தெளிவுபடுத்தியது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் இவ்வழியில் ஏ.சி.சி. என்னும் இடைப்பொருள் முதன்மையானது என 1979ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இவ்விடைப்பொருளை ஆக்கும் நொதியின் மரபணுவை ஒடுக்கிய தக்காளிச் செடிகள் 1991ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டன. அவற்றின் காய்கள் முழு அளவிற்கு வளர்ந்தும் பழுக்கவில்லை. வெளியிலிருந்து எத்திலீன் அளித்தபோது பழுத்தன. வளர்ச்சியும் முதிர்வும் ஒரு நிகழ்வு, பழுத்தல் வேறொரு நிகழ்வு என்பதற்கு இச்சோதனை தெளிந்த சான்றாகும்.

4. சமிக்ஞை செயற்படும் முறை

எத்திலீனை உணரும் ஏற்பிகள் உயிரணுவின் உட்சவ்வில் அமைந்துள்ளன. ஈ.டி.ஆர்.1 எனப்படும் முதல் ஏற்பியின் மரபணு 1993ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. எத்திலீன் பற்றிக்கொள்வதற்கு இவ்வேற்பியில் செப்பு அயனி இருத்தல் வேண்டும்.

இதன் இயக்கம் எதிர்மறை முறையில் அமைந்தது. எத்திலீன் இல்லாதபோது ஏற்பி விழிப்புடன் இருந்து, சி.டி.ஆர்.1 என்னும் புரதத்தைத் தூண்டிப் பழுத்தலுக்குரிய செயல்களை அடக்கிவைக்கிறது. எத்திலீன் வந்து பற்றியதும் அவ்வடக்குமுறை ஓய்கிறது. அப்போது ஈ.ஐ.என்.2 என்னும் புரதத்தின் ஒரு பகுதி வெட்டுண்டு உட்கருவை அடைகிறது. அதனால் ஈ.ஐ.என்.3 என்னும் புரதம் சிதையாது நிலைபெற்று, பழுத்தலுக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. பூட்டிய கதவொன்றின் தாழ் நீக்கப்படுவதற்கு ஒப்பான நிகழ்வு இது. கதவைத் திறக்கும் ஆற்றலே எத்திலீனுக்கு உண்டு. கதவுக்குப் பின்னால் சேமிப்பு இருக்கிறதா இல்லையா என்பது காயின் முன்னைய வளர்ச்சியைப் பொறுத்தது.

இவ்வேறுபாடு இன்றியமையாதது. மாங்காய் மரத்தில் இருக்கும் காலத்தில் இலைகள் ஆக்கிய சர்க்கரை காயை அடைந்து மாவுப்பொருளாகச் சேமிக்கப்படுகிறது. பழுக்கும்போது நொதிகள் அம்மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன, அமிலம் குறைகிறது, பச்சையம் சிதைந்து மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன, உயிரணுச் சுவரின் பெக்டின் கரைந்து சதை மென்மையாகிறது, மணப்பொருள்கள் தோன்றுகின்றன. சேமிப்பு நிறைவுறாத காய்க்கு எத்திலீன் அளித்தால் தோல் மஞ்சளாகலாம், சதையும் ஓரளவு குழையலாம், ஆயினும் இனிமையும் மணமும் வந்தடையா. புறத்தே நிறமேறி அகத்தே புளித்திருக்கும் மாம்பழம் சேமிப்புக்கு முன்னரே கதவு திறக்கப்பட்ட காயாகும்.

‘வெம்பல்’ என்னும் சொல் இந்நிலையையே சுட்டுகிறது. காயம், பூச்சித் தாக்குதல், நீர்ப்பற்றாக்குறை முதலிய நெருக்கடிகள் தாவரத் திசுக்களில் எத்திலீன் உற்பத்தியைத் தூண்டுவன. துளைக்கப்பட்ட காய் மற்றவற்றிற்கு முன்பே மஞ்சளிப்பது தோட்டங்களில் காணக்கூடியது. முதிர்வு முழுமையுறாமல் பழுத்தல் மட்டும் முந்திக்கொண்ட நிலையைத் தமிழர் தனிப்பெயரால் வழங்கியுள்ளனர். இச்சொல்லை ஆக்கியோர் ஊக்கிகளை அறிந்திருந்தனர் எனக் கூறுவது மிகையாகும். அவர்கள் விளைவைக் கூர்ந்து நோக்கினர் என்பதும், நோக்கியதைச் சொல்லில் பதித்தனர் என்பதுமே சொல்லத்தக்கவை.

5. கனிதலும் நோயெதிர்ப்புத் தளர்தலும்

மாம்பழத்தின் தோலில் தோன்றிப் பரவும் கரும்புள்ளிகளைக் காணாத இல்லம் அரிது. ஆந்த்ராக்னோஸ் எனப்படும் இந்நோயைக் கொலெட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டஸ் என்னும் பூஞ்சை உண்டாக்குகிறது. பழம் வீட்டிற்கு வந்தபின் இப்பூஞ்சை பற்றியதாகப் பலரும் கருதுவர். உண்மையில் காய் மரத்தில் இருக்கும்போதே வித்துகள் அதன்மேல் படிந்து முளைத்து, தோலில் ஒட்டிக்கொள்ளும் உறுப்பை ஆக்கி அடங்கிவிடுகின்றன. காய் பச்சையாக உள்ளவரை நோய் வெளிப்படுவதில்லை. பழுக்கத் தொடங்கியதும் பூஞ்சை விழித்தெழுகிறது.

இக்காத்திருப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, பச்சை மாங்காயின் தோலில் உள்ள ரிசார்சினால் வகைப் பொருள்கள். இவை பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பவை. பழுக்கப் பழுக்க இவற்றின் அளவு குறைகிறது. நோய் வருமுன்னரே தாவரத்தில் அமைந்திருக்கும் இத்தகைய தடைப்பொருள்களைச் சுட்டுவதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர் அ. மகாதேவன் 1970ஆம் ஆண்டில் ‘புரோகிபிட்டின்’ என்னும் பொதுப்பெயரை முன்மொழிந்தார். நோய் வந்தபின் தாவரம் புதிதாக ஆக்கும் தற்காப்புப் பொருள்களினின்று இவற்றை வேறுபடுத்துவது அப்பெயரின் பயன்.

இரண்டாவது காரணம் பூஞ்சையின் பக்கத்தைச் சார்ந்தது. கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வுசெய்த கொலட்டுக்குடியும் அவருடைய உடனாய்வாளர் பிளைஷ்மனும் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைப் புலப்படுத்தியது. பழம் பழுக்கும்போது வெளியிடும் அளவிலான எத்திலீனே கொலெட்டோட்ரைக்கம் வித்துகளை முளைக்கவும், துளைக்கும் உறுப்புகளைப் பலவாக ஆக்கவும் தூண்டுகிறது. எத்திலீன் ஆக்கவியலாத தக்காளியின்மேல் வித்துகள் அவ்வாறு செயற்படவில்லை, எத்திலீனை வெளியிலிருந்து அளித்தபோது செயற்பட்டன. காய் தனக்குள் விடுக்கும் செய்தியை அதன் பகையும் படித்தறிகிறது என்பதே இதன் பொருள்.

மூன்றாவது காரணம் சதையின் மென்மை. பெக்டினைக் கரைக்கும் நொதியையும், உயிரணுச் சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் என்னும் புரதத்தையும் ஒருசேர ஒடுக்கிய தக்காளிகளில் பொட்ரைட்டிஸ் சினெரியா என்னும் சாம்பற்பூஞ்சையின் தாக்குதல் குறைந்ததை 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. உண்பவருக்கு இனிதாகும் அதே மென்மை பூஞ்சைக்கும் வழி திறக்கிறது.

இதனால் பழுத்தலே நோய் எனக் கொள்ளுதல் பொருந்தாது. விதை முதிர்ந்தபின் கனியை உயிரினங்கள் உண்டு விதையைப் பரப்புவது மரத்திற்குப் பயன் தருவது. காய்ப்பருவத்தில் துவர்ப்பும் கடினமும் தற்காப்பாகும். விதை முதிர்ந்ததும் அத்தற்காப்பு விலக்கிக்கொள்ளப்படுகிறது. அவ்வாறு விலகும்போது பறவையும் வருகிறது, பூஞ்சையும் வருகிறது.

6. ஊக்கிகளின் இணக்கமும் முரணும்

எத்திலீன் தனித்து இயங்குவதில்லை. வளர்ச்சியை ஊக்கும் ஆக்சின் பழுத்தலைத் தாமதிக்கிறது. அப்சிசிக் அமிலம் பல பழங்களில் எத்திலீன் எழுச்சிக்கு முன்னரே மிகுகிறது. திராட்சை போன்றவற்றில் அதுவே முதன்மைப் பங்கு வகிக்கிறது. நோயெதிர்ப்பில் சாலிசிலிக் அமிலமும் ஜாஸ்மோனிக் அமிலமும் முன்னிற்கின்றன.

ஆஸ்பிரின் கரைசலைப் புகையிலைக்குச் செலுத்தினால் தேமல் நச்சுயிரிக்கு எதிரான எதிர்ப்பு மிகுவதை ஆர். எஃப். ஒயிட் 1979ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் வழிப்பொருள் என்பதால், தாவரத்தின் சொந்தச் சாலிசிலிக் அமிலமும் எதிர்ப்புச் சமிக்ஞையாகலாம் என்னும் எண்ணம் இதனால் எழுந்து பின்னர் உறுதிப்பட்டது. ஜாஸ்மோனிக் அமிலத்தின் பெயர் மல்லிகையினத்தைச் சார்ந்தது. அதன் மீதைல் வடிவம் 1962ஆம் ஆண்டில் அவ்வினப் பூவின் நறுமண எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மயிலாப்பூர் மாடவீதியில் தொடுக்கப்படும் பிச்சிப்பூவின் மணத்திலும் இடம்பெறும் ஒரு பொருளே, புழு கடித்த இலையில் தற்காப்பைத் தூண்டும் செய்தியாகவும் அமைகிறது.

பொதுநிலையில், உயிருள்ள திசுவிலிருந்து உணவு பெறும் நோய்க்கிருமிகளுக்கு எதிராகச் சாலிசிலிக் அமிலமும், திசுவைக் கொன்று உண்ணும் கிருமிகளுக்கும் பூச்சிகளுக்கும் எதிராக ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும் செயற்படுகின்றன. இவ்விரு அணிகளும் ஒன்றையொன்று அடக்குதலும் உண்டு. அராபிடாப்சிஸ் என்னும் சோதனைத் தாவரத்தில், எத்திலீன் வழியின் ஈ.ஐ.என்.3 புரதம் சாலிசிலிக் அமில ஆக்கத்திற்குரிய மரபணுவை ஒடுக்குவதாக 2009ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. எனினும் அதே எத்திலீன் ஜாஸ்மோனிக் அமிலத்தோடு கூடிப் பூஞ்சையெதிர்ப்புப் புரதங்களையும் ஆக்குவிக்கிறது. ஆகவே எத்திலீனை நோய்க்கு நண்பன் என்றோ பகைவன் என்றோ ஒரு சொல்லில் வகுத்துவிட இயலாது. திசு இலையா கனியா, காய் முதிர்ந்ததா இளையதா, கிருமி எத்தகையது என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமையும்.

ஊக்கிகளின் மொழியை நோய்க்கிருமிகளும் பயன்படுத்துகின்றன. நெற்பயிரை வரம்பின்றி நெடிதாக வளரச்செய்து வீழ்த்தும் நோயை ஆராய்ந்த சப்பானியர் குரோசாவா, அதற்குப் பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என 1926ஆம் ஆண்டில் காட்டினார். அப்பொருளே ஜிப்ரலின். தாவரங்களும் அதனை இயல்பாக ஆக்குகின்றன என்பது பின்னரே தெரியவந்தது. ஒரு வளரூக்கி நோயின் வழியாக முதன்முதல் அறியப்பட்ட வரலாறு இது.

பூஞ்சையின் வேதிப்பொருள்களை நோயுற்ற தாவரத்தின் உள்ளேயே தேடிக் காணும் ஆய்வுநெறி சென்னையில் சிறப்புற வளர்ந்தது. தி. சீ. சதாசிவன் 1940களில் தொடங்கிச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியபோது, பருத்தியின் வாடல் நோயும் அதனை உண்டாக்கும் பியூசேரியம் பூஞ்சை சுரக்கும் பியூசாரிக் அமிலமும் அங்கு விரிவாக ஆராயப்பட்டன. இன்று கிண்டி வளாகத்தில் இயங்கும் தாவரவியல் உயராய்வு மையம் அம்மரபின் தொடர்ச்சியாகும். அதே பியூசேரியம் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைதான் ரஸ்தாளி வாழையின் வாடல் நோய்க்கும் காரணம். சென்னைக் கடைகளில் ரஸ்தாளிக்குத் தேவை மிகுந்திருந்தும் உழவர் அதனைப் பயிரிடத் தயங்குவதற்கு இந்நோய் ஒரு காரணமாகும்.

7. சந்தையில் ஊக்கிகள்: புகை, கல், எத்திலீன் அறை

காயைப் பழுக்கவைக்கும் வழக்கம் புதிதன்று. மாங்காயை வைக்கோலில் பொதிதல், அரிசிப் பானையில் இடுதல், வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ வைத்துப் புகைமூட்டம் போடுதல் ஆகியவை தமிழகச் சிற்றூர்களின் பழைய முறைகள். மூடிய இடம் காயே வெளியிடும் எத்திலீனைத் தேக்கிவைக்கிறது. புகையிலும் எத்திலீன் கலந்துள்ளது. எனவே ‘இயற்கை’, ‘செயற்கை’ என்னும் பகுப்பு இங்கு முழுவதும் பொருந்துவதில்லை. ஊக்கி ஒன்றே, அது வரும் வழிதான் வேறு.

கால்சியம் கார்பைடு இவற்றினின்று தன்மையால் வேறுபட்டது. ஈரம் பட்டதும் அது அசிட்டிலீன் வாயுவை வெளியிடுகிறது. அசிட்டிலீன் எத்திலீனைப் போன்று ஏற்பியைப் பற்றக்கூடியதே எனினும், அதே விளைவுக்குப் பன்மடங்கு மிகுந்த செறிவு தேவைப்படுகிறது. தொழிற்சாலைப் பயனுக்கான கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சேர்மங்கள் மாசுகளாகக் கலந்திருப்பதே தீங்கின் முதன்மைக் காரணம். அதனைக் கையாளும் தொழிலாளரே முதலில் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலேயே தடைசெய்யப்பட்ட இம்முறையை, 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் தடைசெய்கின்றன. மாம்பழப் பருவத்தில் கோயம்பேட்டில் அலுவலர்கள் சோதனை நடத்திப் பழங்களை அழிக்கும் செய்தி ஆண்டுதோறும் வருவதற்கு இத்தடையே அடிப்படை.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டில், காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில், காயின் சுவாசத்தால் சேரும் கரியமில வாயுவை அவ்வப்போது வெளியேற்றி, இம்முறை கையாளப்படுகிறது. எத்திபான் என்னும் பொருள் அமிலத்தன்மை குறையும்போது எத்திலீனை வெளியிடுவது. அதன் கரைசலில் காய்களை நேரே நனைப்பது ஏற்கப்படவில்லை. எதிர்த்திசையில், ஏற்பியைப் பற்றிக்கொண்டு எத்திலீனுக்கு இடம்தராத ஒரு வாயுவைக் கொண்டு ஆப்பிள் முதலியவற்றின் பழுத்தலைத் தாமதிக்கும் முறையும் உலக வணிகத்தில் உள்ளது.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. ஒப்புதல் பெற்ற எத்திலீன் அறையும் இளங்காயை முதிர்காயாக்காது. முதற்பருவ விலையை நாடி முன்னதாகப் பறிக்கப்பட்ட காய், நஞ்சற்ற முறையில் பழுக்கவைக்கப்பட்டாலும் வெம்பலாகவே இருக்கும். மேலும், பழுத்தல் விரைவுபடும்போது தோலில் அடங்கியிருக்கும் பூஞ்சைக்கும் வழி விரைவில் திறக்கிறது. இதனால்தான் மாங்காயை ஏறத்தாழ 52 செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தியெடுத்தல் போன்ற நோய்த்தடுப்பு முறைகள் பழுக்கவைத்தலுக்கு முன்னரே பரிந்துரைக்கப்படுகின்றன. நல்ல பழத்திற்கு மூன்று வினாக்கள் உரியவை: காய் முதிர்ந்ததா, எதனால் பழுத்தது, நோயினின்று காக்கப்பட்டதா. ‘கல்’ பற்றிய வினா அவற்றுள் இரண்டாவதற்கு மட்டுமே விடை தேடுகிறது.

8. கலைச்சொல் வரையறை

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில், அறிவியல் தமிழில் பின்வரும் சொற்களை வரையறுத்துக் கையாளுதல் தகும்.

முதிர்தல்: காய் மரத்தோடு இணைந்திருந்து வளர்ச்சியையும் சேமிப்பையும் நிறைவுசெய்து, பழுக்கும் தகுதி பெறுதல். செங்காய் இதன் நிறைவெல்லையைச் சார்ந்தது.

பழுத்தல்: ஊக்கிச் சமிக்ஞையால் நிறம், சுவை, மணம், மென்மை ஆகியவை மாறுதல்.

வெம்புதல்: முதிர்தல் நிறைவுறுமுன் நெருக்கடியாலோ புறத்தூண்டலாலோ பழுத்தல் தொடங்கிவிடுதல். வெப்பத்தால் நேர்வதைக் குறித்த சொல்லை இவ்வாறு விரித்துக்கொள்வது வழக்கின் போக்கிற்கு மாறானதன்று. பருவமறியாது முந்துவோரை வெம்பிப் பழுத்தவர் எனப் பேச்சுவழக்கு முன்பே விரித்துள்ளது.

அளிதல்: பழுத்தலின் எல்லை கடந்து, கிருமியின்றியே திசு குழைதல்.

அழுகுதல்: பூஞ்சை, பாக்டீரியா முதலிய நோய்க்கிருமிகளால் திசு சிதைதல்.

இவற்றுள் அளிதலையும் அழுகுதலையும் வேறுபடுத்துவது நோயியலுக்கு இன்றியமையாதது. முன்னது கனியின் சொந்த நொதிகளின் செயல், பின்னது பிற உயிரியின் செயல். இவ்வேறுபாட்டைச் சுட்டுவதற்கு நீண்ட மொழிபெயர்ப்புத் தொடர்களை ஆக்குவதினும், வழங்கிவரும் சொற்களுக்கு வரம்பு கட்டுதல் எளிது. வழக்குச் சொல்லைக் கலைச்சொல்லாக்கும்போது அதன் பொருளைக் குறுக்க நேரிடும் என்பதும் உண்மையே. பழுத்தல் இலைக்கும் புண்ணுக்கும் வழங்குவதைத் தடுக்க எவராலும் இயலாது, தடுக்கவேண்டியதும் இல்லை. ஆய்வுரையில் எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதை முதலிலேயே குறித்தல் போதுமானது.

9. முடிவுரை

காய் கனியாதல் எத்திலீன் சமிக்ஞையால் நிகழ்வது. அச்சமிக்ஞை முதிர்ந்த காயின் சேமிப்பை இனிமையாக்குகிறது. முதிராத காய்க்கு இல்லாத சேமிப்பை அதனால் தரவியலாது. கனிவிக்கும் வழியிலேயே தடைப்பொருள்கள் குறைகின்றன, சுவர்கள் தளர்கின்றன, காத்திருந்த பூஞ்சை விழிக்கிறது. ஆகவே பழுத்தலையும் நோயெதிர்ப்பையும் தனித்தனிப் பொருள்களாக ஆராய்வதினும் ஒரே சமிக்ஞை வலையின் இருமுகங்களாக ஆராய்வது பொருத்தமுடையது.

சென்னையில் பழம் வாங்குவோர்க்குச் சட்டம் தரும் காப்பு நஞ்சினின்று காப்பதே. முதிராக் காயினின்று காப்பதற்குத் தோட்டத்தில் பறிக்கும் பருவம் பற்றிய ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கைக் கேட்டுப் பெறுவதற்கு நுகர்வோரிடம் சொல் இருத்தல் வேண்டும். ‘கல்லு வெச்ச பழமா’ எனக் கேட்கும் நகரம், ‘வெம்பலா, முதிர்ந்ததா’ எனவும் கேட்கத் தேவையான சொற்களைத் தமிழ் ஏற்கெனவே வைத்துள்ளது. அவற்றைப் பாடநூல்களிலும், அரசின் அறிவிப்புகளிலும், வேளாண் விரிவாக்க உரைகளிலும் வரையறையோடு வழங்கச் செய்வது தமிழ்த்துறைகளும் தாவரவியல் துறைகளும் இணைந்து ஆற்றத்தக்க பணியாகும்.